மாலை ரீடிங்

அக்டோபர் 9, செவ்வாய்

உரக்கடையில் கொடுத்த டைரி இது. ஒன்பது மாதம் அலமாரியில் சும்மா கிடந்தது. இன்றைக்குத்தான் அதற்கு ஒரு வேலை வந்திருக்கிறது. நாகர்கோவில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்ன சாப்பிடுறார், எப்படித் தூங்குறார், எவ்வளவு தூரம் நடக்கிறார், எல்லாம் எழுதி வையுங்கம்மா" என்றார். பத்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். பள்ளிக்கூடச் சத்துணவில் தினமும் நூற்றிருபது பிள்ளைகளுக்கு உலை வைக்கிறவள். இதை எழுத மாட்டேனா?

என் வீட்டுக்காரர் ஞானமுத்துவுக்கு நுரையீரல் இறுகிப்போய்விட்டதாம். முற்றிக் காய்ந்த பீர்க்கங்காய் மாதிரி ஆகிவிட்டது என்று படத்தைக் காட்டினார் டாக்டர். பீடி, சிகரெட் தொடாத மனுஷன். ஏன் வந்தது என்று கேட்டால் காரணம் தெரியாது என்கிறார். குணமாகுமா என்று கேட்டதற்கு மருந்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

இரண்டு சாமான்கள் வீட்டுக்கு வந்திருக்கின்றன. ஒன்று ஆக்சிஜன் மெஷின். இடுப்பு உயரம், அடியில் சக்கரம். வீட்டுக்குள் இருக்கிற காற்றையே இழுத்துச் சலித்து, வேண்டியதை மட்டும் குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும். கரண்ட் இருந்தால்தான் ஓடும். இன்னொன்று, விரலில் மாட்டுகிற கிளிப். ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் சேர்ந்திருக்கிறது என்று எண் காட்டும். சுகமாக இருக்கிறவர்களுக்குத் தொண்ணூற்றெட்டு. இவருக்கு மெஷின் போட்டும் தொண்ணூற்றொன்று.

"எண்பத்தஞ்சுக்குக் கீழ இறங்கினா யோசிக்கவே கூடாது. உடனே இங்க கூட்டிட்டு வந்திரணும்" என்றார் டாக்டர். இதைச் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டுக்கொள்கிறேன்.

திரும்பி வரும்போது முப்பந்தல் பக்கத்தில் காரை நிறுத்தச் சொன்னார். காற்றாலைகள் எல்லாம் இறக்கையை விரித்தபடி சும்மா நின்றன. அங்கே இருபது வருஷம் ஆபரேட்டராக இருந்தவர் அல்லவா, மெனக்கெட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்து அடங்கிட்டு. இனி மே மாசந்தான்" என்றார். எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 11, வியாழன்

கரண்ட் மூன்று மணி நேரம் இருக்கிறது, மூன்று மணி நேரம் போகிறது. இன்வெர்ட்டர் முக்கால் மணி நேரத்தில் கையை விரித்துவிடுகிறது. அதற்குப் பிறகு கைகாவலுக்கு வாங்கி வைத்த ஆக்சிஜன் சிலிண்டர். அதுவும் அளவாகத்தான் திறக்க வேண்டும்.

காலையில் இட்லி இரண்டு. மதியம் கஞ்சி. கழிவறை வரை நடந்தார். திரும்பி வந்து கால் மணி நேரம் பேசவில்லை.

அக்டோபர் 14, ஞாயிறு

ஆராதனைக்கு நான் மட்டும் கோயிலுக்குப் போய் வந்தேன். வாசலில் மரியதாஸ் பிடித்துக்கொண்டார். அவருக்கு வாழைத் தோட்டம் இருக்கிறது, மழை இல்லை. "உங்க வீட்டுக்காரரு சுத்தவிட்ட காத்தாடிதான் மேகத்தையெல்லாம் விரட்டிட்டு" என்று பதினைந்து வருஷமாகச் சொல்வதையே இன்றைக்கும் சொன்னார். இப்போது ஒன்றும் சுற்றவில்லையே, மழை எங்கே என்று கேட்டேன். ஆள் நழுவிவிட்டார்.

காற்றைப் பழித்தே வளர்ந்த ஊர் இது. காற்றாலை வருவதற்கு முன்னால் இந்த ஊருக்கு யாரும் மனசாரப் பெண் கொடுக்கமாட்டார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்ததை நான் பார்த்ததில்லை. ஆனால் கல்யாணமாகி வந்த மறுவாரம் கொடியில் காயப்போட்ட என் கூறைச்சேலை பறந்துபோய் உடைமரத்தில் மாட்டிக்கொண்டது. முள்ளிலிருந்து ஒரு நூல் பிரியாமல் அதை எடுத்துத் தந்தவர் இவர். ஒரு மணி நேரம் ஆனது. அப்போதே நினைத்தேன், இந்த மனுஷனோடு காலம் தள்ளலாம் என்று. சோற்றில் தினமும் மணல் நறநறக்கும். முருங்கை பூக்கும், காற்று உதிர்த்துவிடும். பிறகு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். எள்ளுகூட முளைக்காத நிலத்தில் தூண் நட்டார்கள். சனியன் என்று நாங்கள் திட்டிய காற்று பக்கத்து ஜில்லாவில் விளக்காக எரிந்தது. எங்கள் மகள் மலரைக் கோயம்புத்தூரில் படிக்க வைத்ததும் அந்தக் காற்றுதான்.

இதை எல்லாம் டாக்டர் கேட்கவில்லை. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

அக்டோபர் 16, செவ்வாய்

இன்றிலிருந்து ரீடிங் எழுதும் வேலை என்னிடமிருந்து பறிக்கப்பட்டது.

நான் சத்துணவுக்குப் போனால் மூன்று மணியாகும் வீடு திரும்ப. மதிய ரீடிங் விட்டுப்போகிறது. "அந்த வேலைய எங்கிட்ட தா. இருவது வருஷம் லாக் புக் எழுதுனவன் நான்" என்றார். காற்றாலை சைட்டிலிருந்து கொண்டுவந்த பழைய நோட்டு ஒன்றை எடுத்துக் கட்டம் போட்டார். தேதி, காற்று, காலை, மதியம், மாலை, குறிப்பு. நோட்டைக் கட்டில் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டு, பேனாவைச் சணலில் கட்டிவிட்டார். சைட்டில் பேனா திருடுபோகுமாம், அந்தப் பழக்கம். எங்கள் வீட்டில் பேனாவை யார் திருடப் போகிறார்கள்?

"காத்துக்கு எதுக்கு ஒரு கட்டம்?" என்று கேட்டேன்.

"காத்து இல்லாம லாக்கா?" என்று ஜன்னலைக் காட்டினார். அங்கிருந்து பார்த்தால் ஏழு காற்றாலைகள் தெரியும். இறக்கை அசைவதை வைத்து எண் போடுவார். இன்றைக்குக் காற்று இரண்டு என்று எழுதினார்.

நான் சும்மா இருப்பேனா? "ஆறு மணிக் காத்த ரெண்டு மணிக்கே எழுதுனவரு நீங்க. ஒழுங்கா எழுதுவியளா?" என்றேன். சிரித்தார், சிரிப்பு இருமலாகிவிட்டது.

அது பழைய கதை. இரவு ஷிப்டில் மணிக்கு ஒரு தரம் காற்று வேகத்தையும் மெஷின் நிலவரத்தையும் எழுத வேண்டும். ஆபரேட்டர்கள் எல்லாரும் செய்கிற வேலை, விடிகிற வரைக்கும் உள்ள எண்ணை முன்கூட்டியே போட்டுவிட்டுக் கண்ணயர்வது. அதற்கு அட்வான்ஸ் போடுவது என்று பெயர். இவர் அப்படிப் போட்டுவைத்த அன்றைக்குப் பார்த்து எஞ்சினியர் இரண்டு மணிக்கு வந்துவிட்டார். லாக்கில் ஆறு மணி வரைக்கும் காற்று அடித்துக்கொண்டிருந்தது. மெமோ கொடுத்தார்கள். சைட்டில் ஒரு வருஷம் இவரைத் தீர்க்கதரிசி என்றுதான் கூப்பிட்டார்கள்.

அக்டோபர் 27, சனி

91, 90, 91. காற்று 2.

மலர் தினமும் சாயங்காலம் போன் செய்து ரீடிங் கேட்கிறாள். ஐந்து மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே கேட்கிறாள், அவன் கத்துவதும் கேட்கிறது. பேரனை இவர் இன்னும் நேரில் பார்க்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு வருகிறார்கள். "தொண்ணூத்தொண்ணு மக்களே, ஜம்முன்னு இருக்கேன்" என்று போனில் சத்தமாகச் சொன்னார். வைத்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் மூச்சு வாங்கினார்.

நவம்பர் 3, சனி

இன்றைக்கு மலரோடு சண்டை. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள், அங்கே கரண்ட் போகாது என்கிறாள். நியாயந்தான். இவரிடம் சொன்னேன். முகம் மாறிவிட்டது.

"எங்க அண்ணன எப்படிப் பாத்தேன்னு ஒனக்குத் தெரியும்லா?"

தெரியும். பெரிய அத்தான் பொன்னையாவுக்கு வாய்க்குள் குழாய் போட்டு வைத்திருந்தார்கள். பிடுங்கிவிடுவார் என்று இரண்டு கையையும் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். பத்து நாள். உள்ளே யாரையும் விடவில்லை. கடைசியில் பிணமான பிறகுதான் கையை அவிழ்த்துக் கொடுத்தார்கள்.

"ஏ நேசம், எனக்கு இந்த ஜன்னல் போதும். கையக் கட்டுற எடத்துக்கு என்ன அனுப்பாத" என்றார்.

"எண்பத்தஞ்சுக்குக் கீழ எறங்குனா நான் யாரு சொன்னாலும் கேக்க மாட்டேன். தூக்கிட்டுப் போயிருவேன்" என்றேன்.

"எறங்காது" என்றார். சட்டம் போட்ட மாதிரிச் சொன்னார்.

நவம்பர் 7, புதன்

91, 90, 91.

மதியம் கரண்ட் போய், இன்வெர்ட்டரும் நின்று, சிலிண்டரும் தீர்ந்துவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். இவரோடு வேலை பார்த்த சேம்ராஜ் தற்செயலாக எட்டிப் பார்த்து, சைட்டிலிருந்து ஒரு பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்திருக்கிறான். ஐம்பது நிமிஷம் ஒன்றுமில்லாமல் இருந்திருக்கிறார். நான் வந்தபோது தலையணையைக் கட்டிப்பிடித்து முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

பயந்துபோய் லாக்கைப் பார்த்தேன். மதியம் தொண்ணூறு. கர்த்தருக்கு ஸ்தோத்திரம், அந்த ஐம்பது நிமிஷத்திலும் ஒன்றுதான் குறைந்திருக்கிறது.

சேம்ராஜ் லாக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அண்ணாச்சி எழுத்து அழகா இருக்கு மதினி" என்றான். பேட்டரிக்கு வயர் மாட்டப் போய்விட்டான்.

நவம்பர் 12, திங்கள்

91, 91, 90. காற்று 1.

அவர் விரல் நகமெல்லாம் நீலம் பூத்த மாதிரி இருக்கிறது. நேற்று என் வெள்ளைச் சேலைக்கு நீலம் போட்டேன், அந்தக் கையோடு சோறு பிசைந்து கொடுத்தேன், ஒட்டியிருக்கும். துடைத்துப் பார்த்தேன். நாளைக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும்.

நவம்பர் 18, ஞாயிறு

கோயிலில் அசனம், வருஷத்து விருந்து. ஊரே பந்தியில் உட்கார்ந்தது. நான் ஒரு தூக்குவாளியில் சோறும் கறியும் வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன். உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். கரண்ட் இருந்தது, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கிளிப் மேசையில் கிடந்தது. சும்மா எடுத்து அவர் விரலில் மாட்டினேன்.

79 என்று காட்டியது.

கிளிப்பின் பேட்டரி தீர்ந்திருக்கும். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறதல்லவா. விரல் வேறு ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தது, அப்படி இருந்தால் தப்பாகக் காட்டும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். கழற்றி வைத்துவிட்டேன். எழுந்ததும் கறித் துண்டு ஒன்று சாப்பிட்டார். உப்பு கூட என்றார்.

மாலை ரீடிங் 91.

நவம்பர் 19, திங்கள்

கடையில் புதுப் பேட்டரி இரண்டு வாங்கிக் கிளிப்பில் போட்டேன். பழையதை மேசை டிராயரில் போட்டுவைத்தேன். திரும்ப அளக்கவில்லை. அவர்தான் எழுதிவிட்டாரே.

நவம்பர் 28, புதன்

91, 90, 91.

கழிவறைக்கு நடப்பதை நிறுத்திவிட்டார். ஒரு வாக்கியத்தை மூன்றாக உடைத்துச் சொல்கிறார். "நேசம்" என்பார். மூச்சு எடுப்பார். "தண்ணி" என்பார். அடுத்த மூச்சுக்கு நான் தண்ணீரோடு நிற்பேன். முப்பது வருஷம் நான் பேசினேன், அவர் கேட்டார். இப்போதும் அப்படியேதான், அதில் ஒன்றும் வித்தியாசமில்லை.

டிசம்பர் 5, புதன்

மலர் டிக்கெட் போட்டுவிட்டாள். இருபத்துநான்காம் தேதி காலையில் வருகிறார்கள். அவரிடம் சொன்னேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கையில் விரல் விட்டு எண்ணினார். பத்தொன்பது நாள்.

91, 91, 91.

டிசம்பர் 10, திங்கள்

காலையில் வேலைக்குக் கிளம்பியவளைக் கையைப் பிடித்து நிறுத்தினார். லீவு போடவா என்றேன். "பிள்ளைங்க" என்றார், மூச்சு எடுத்தார், "பசியா இருக்கும்" என்றார். போய்விட்டேன்.

டிசம்பர் 12, புதன்

அவர் போய்விட்டார்.

டிசம்பர் 15, சனி

எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

புதன்கிழமை இரண்டரைக்கே வந்துவிட்டேன். கரண்ட் இருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் மூக்கில் சரியாக இருந்தது. தலையணை மேல் சாய்ந்து ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். கூப்பிட்டேன். இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. மெஷின் அந்த மூக்குக்கு ஆக்சிஜனைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த எனக்குக் கை வரவில்லை. சேம்ராஜ் வந்துதான் நிறுத்தினான்.

மலர் வரும்வரை வைத்திருக்க ஐஸ் பெட்டி கொண்டுவந்தார்கள். கரண்ட் போகுமே என்று ஊரார் கூடி அரை மணி நேரத்தில் ஜெனரேட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார்கள். யாரும் கேட்கக்கூட இல்லை. மறுநாள் அடக்கம் வரை ஒரு நொடி நிற்காமல் ஓடியது. இரண்டு மாதமாக இந்த ஜெனரேட்டர் எங்கே இருந்தது என்று கத்த வேண்டும் போல இருந்தது. நான் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. ரீடிங் நன்றாக இருக்கிறது என்றுதானே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 17, திங்கள்

மலர் லாக்கை ஆணியிலிருந்து எடுத்தாள். சணலோடு பேனாவும் வந்தது. "அம்மா, இங்க பாருங்க" என்றாள்.

டிசம்பர் 12. காற்று 2. காலை 91. மதியம் 90. மாலை 91.

மாலை ஆறு மணிக்கு அவர் ஐஸ் பெட்டிக்குள் இருந்தார்.

பக்கத்தைத் திருப்பினாள். டிசம்பர் 13, 91, 90, 91. டிசம்பர் 14. டிசம்பர் 15. முப்பத்தொன்றாம் தேதி வரைக்கும் ஒரு கட்டம் விடாமல் எழுதியிருக்கிறார். எல்லாம் ஒரே தடவையாக உட்கார்ந்து எழுதியது, மை ஒரே மாதிரி இருக்கிறது. பின்னால் பின்னால் எழுத்து நடுங்கியிருக்கிறது. அட்வான்ஸ் போட்டிருக்கிறார். இந்த இரண்டு மாதமும் அதே வேலைதான் நடந்திருக்கிறது. கிளிப்பை எப்போதாவது மாட்டினாரோ இல்லையோ, எண்பத்தஞ்சுக்கு மேலே ஒரு எண்ணைப் போட்டு, என்னைச் சத்துணவுக்கு அனுப்பிவிட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

குறிப்புக் கட்டம் எல்லா நாளும் காலி. இருபத்துநான்காம் தேதிக்கு மட்டும் எழுதியிருக்கிறார்: "மலர் வந்தாச்சு. பேரன் மூக்குக் குழாயப் பிடிச்சு இழுத்தான்."

மலர் தரையில் உட்கார்ந்து அழுதாள். "அப்பா நம்மள ஏமாத்திட்டாவளே அம்மா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாவளே. இவனப் பாத்திருப்பாவளே."

"ஆமா, ஏமாத்திட்டாரு. பாவி மனுஷன், என்னையும் ஏமாத்திட்டாரு" என்று நானும் சேர்ந்து அழுதேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

டிசம்பர் 24, திங்கள்

பேரன் என் தாலிச் சரட்டைப் பிடித்து இழுத்தான். கழற்றி வைக்கச் சொல்லி யாரும் என்னிடம் இன்னும் கேட்கவில்லை.

மே 25, சனி

ஐந்து மாதமாக இந்த டைரியைத் தொடவில்லை. வருஷம் மாறிவிட்டது, டிசம்பர் மாதத்துக் கடைசித் தாள்களில் எழுதுகிறேன்.

இன்றைக்குக் காலையில் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். முந்தானை முகத்தில் அடித்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு சேலை உடைமரத்துப் பக்கம் போய்விட்டது. கணவாயிலிருந்து காற்று இறங்கிவிட்டது. சேம்ராஜ் போன் செய்தான். "மதினி, ஏழும் ஓடுது. அண்ணாச்சி சொன்ன மாசம் தப்பல" என்றான். கரண்டும் மூன்று நாளாக நிற்காமல் இருக்கிறது. ஆக்சிஜன் மெஷின் மூலையில் துணி மூடி நிற்கிறது.

சேலையை முள்ளிலிருந்து எடுக்கப் போனேன். அவர் போல எனக்குப் பொறுமை இல்லை. இழுத்தேன், கிழிந்தது.

வீட்டுக்குள் வந்து மேசை டிராயரைத் திறந்தேன். நவம்பரில் நான் கழற்றிப் போட்ட இரண்டு பேட்டரியும் அங்கேயே கிடந்தன. அன்றைக்கு ஏன் அவற்றை எறியாமல் வைத்தேன்? தீர்ந்த பேட்டரியை யார் பத்திரப்படுத்துவார்கள்? மலரிடம் அவர் ஏமாற்றினார் என்று சொன்னேன். அவள் இன்னும் அப்படித்தான் நம்புகிறாள், செத்த அப்பாமேல் வருத்தமாக இருக்கிறாள். புதுப் பேட்டரி போட்ட அன்றைக்கு இன்னொரு தரம் அளக்க எனக்கு அரை நிமிஷம் ஆகியிருக்காது. கையைக் கட்டுகிற இடத்துக்கு அனுப்பாதே என்றாரே, அதற்காகத்தான் அளக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இன்னொரு தரம் அந்த எண்ணைப் பார்க்கப் பயந்தேன் என்பதும் நிஜந்தான். எது கூட, எது குறைவு என்று எனக்கே தெரியவில்லை. மலருக்கு இன்றைக்கே போன் செய்ய வேண்டும்.

கிளிப்பில் இருந்த புதுப் பேட்டரியைக் கழற்றினேன். அன்றைக்கு எழுபத்தொன்பது காட்டிய பழைய இரண்டையும் போட்டு, என் விரலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே ஏழு காற்றாலையும் இரைந்துகொண்டிருந்தன.

உடனே வெளிச்சம் வந்தது. தொண்ணூற்றெட்டு என்று காட்டியது.